45 வருஷம் கழித்து அக்கி: வைரஸ் உருமாறிவிட்டதா?

கேள்வி: டாக்டர், எனக்கு 52 வயது. 7 வயதில் சின்னம்மை வந்து போனது. பத்து நாளுக்கு முன்னால் வலது மார்புக்குக் கீழே தீப்பட்டாற்போல் எரிச்சல், இரண்டு நாள் கழித்து வரிசையாகக் கொப்புளம். அக்கி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இப்போது பாதி காய்ந்துவிட்டது, வலி மட்டும் விடவில்லை. ஒருமுறை அம்மை வந்தால் மறுபடி வராது என்றுதானே சொல்வார்கள்? கொரோனா மாதிரி இதுவும் உருமாறி வந்துவிட்டதா? என் தம்பிக்கு ஹெபடைடிஸ் பி, மூன்று வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறான். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ‘இ-ஆன்டிஜன் நெகட்டிவ்’ என்று வந்ததும், வைரஸ் போய்விட்டது, மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்கிறான். இந்த வைரஸ்களை உடம்பை விட்டுத் துரத்தவே முடியாதா? இன்னொன்று, என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி, அடுத்த வாரம் என்னைப் பார்க்க வருகிறாள். வரலாமா?

பதில்: முதலில் உங்கள் தம்பிக்கு ஒரு வார்த்தை, அதுதான் அவசரம்: மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது. காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஆனால் அதையெல்லாம் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் இப்போதே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

சரி, உங்கள் அக்கிக்கு வருவோம். வைரஸ் உருமாறவில்லை. 7 வயதில் சின்னம்மையாக வந்த அதே வைரஸ்தான், கிட்டத்தட்ட எழுத்துப் பிசகாமல் அதேதான், இத்தனை வருஷமும் உங்களுக்குள்ளேயே கிடந்துவிட்டு இப்போது எழுந்து வந்திருக்கிறது. யாரிடமிருந்தும் புதிதாக ஒட்டிக்கொள்ளவில்லை. அதை அடக்கி வைத்திருந்த எதிர்ப்புச் சக்தி ஐம்பதைத் தாண்டும்போது கொஞ்சம் தளரும், எல்லோருக்கும் தளரும், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றைக்காவது அக்கி வருகிறது. நீங்கள் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைக்கவே வேண்டாம்.

எங்கே கிடந்தது என்பதை உங்கள் உடம்பிலேயே பார்க்கலாம். கண்ணாடிக்கு முன்னால் நின்று பாருங்கள். கொப்புளங்கள் முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் தொடங்கி, விலா எலும்பை ஒட்டியே வளைந்து முன்னால் வந்து, மார்பின் நடுக்கோட்டில் கத்தி வைத்து நறுக்கியதுபோல நின்றிருக்கும், இடது பக்கம் ஒன்றுகூட இருக்காது. முதுகுத்தண்டின் இரு பக்கமும் மணி கோத்தாற்போல நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன, ஒவ்வொரு முடிச்சும் தன் பக்கத்துத் தோலில் ஒரு பட்டை அகலத்துக்கு உணர்வைக் கவனித்துக்கொள்கிறது. உங்கள் உடம்பில் தெரிவது அப்படி ஒரே ஒரு முடிச்சின் பட்டை. சிறுவயதில் தோல் முழுக்கக் கொப்புளம் போட்டபோது, அவற்றுக்கு அடியிலிருந்த நரம்பு நுனிகள் வழியே வைரஸ் நுழைந்து, நரம்பைப் பிடித்துக்கொண்டு ஏறி, பல முடிச்சுகளில் போய்த் தங்கிவிட்டது (ரத்தத்தின் வழியாகவும் அங்கே போய்ச் சேரும்). இப்போது ஒரு முடிச்சில் மட்டும் விழித்து, ஏறிய வழியே இறங்கி வந்திருக்கிறது. கொப்புளத்துக்கு முன்னால் எரிச்சல் வந்தது அதனால்தான், தோலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே அது நரம்பைப் புண்ணாக்கிவிடுகிறது. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது இடது மார்பில் எரிகிற வலியோடு ஒருவர் வந்தார், மாரடைப்போ என்று எல்லோரும் பயந்து இரவெல்லாம் ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்தோம், மூன்றாம் நாள் காலையில் சட்டையைக் கழற்றியதும் ஐந்தாறு கொப்புளங்கள் தெரிந்தன. அன்றிலிருந்து காரணம் தெரியாத ஒரு பக்க எரிச்சல் என்று யார் வந்தாலும் தோலை முழுக்கப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

இதை முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் எட்கர் ஹோப்-சிம்சன் என்ற இங்கிலாந்துக் குடும்ப மருத்துவர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை வருஷக்கணக்கில் குறித்து வைத்துக்கொண்டே வந்து, சின்னம்மைக்கு ஒரு பருவம் உண்டு, அக்கிக்குப் பருவமே இல்லை, வயது ஏற ஏறத்தான் அது கூடுகிறது என்று கணக்குக் காட்டி, இது சிறுவயதுத் தொற்றின் மிச்சம்தான் என்று 1965-இல் எழுதினார். நரம்பு முடிச்சுக்குள் வைரஸின் டிஎன்ஏவைத் தேடிக் காட்டும் வசதி அப்போது கிடையாது. பின்னால் அந்த வசதி வந்தபோது அவர் சொன்னது சரியென்று தெரிந்தது.

முடிச்சுக்குள் அது எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பான விஷயம். வைரஸ் என்றதும் முள் முள்ளாக ஒரு பந்து நம் மனதில் வருகிறது இல்லையா, அந்த உருண்டையே அங்கே இருக்காது. உறை, மேல்தோல் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, சுமார் 1,25,000 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ மட்டும் நரம்புச் செல்லின் உட்கருவுக்குள் வளையமாக மூடிக்கொண்டு, நம் டிஎன்ஏ எந்தப் புரதத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறதோ அதே புரதத்திலேயே தானும் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. அதில் ஏறத்தாழ 70 மரபணுக்கள் இருக்கின்றன, அநேகமாக எல்லாம் வாய் மூடிக் கிடக்கும். வைரஸைத் தேடி அலைகிற டி-செல்கள் ஒரு செல்லின் மேற்பரப்பில் வைரஸ் புரதத்தின் துணுக்கு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்கும். புரதமே செய்யாமல் கிடப்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அதோடு நரம்புச் செல் பிரிந்து பெருகுவதில்லை, நம்மோடு கடைசிவரை இருக்கிறது. ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

உங்களுக்குக் கொடுத்த மாத்திரை அநேகமாக அசைக்ளோவிர் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். வைரஸின் சொந்த நொதி ஒன்று அதைத் தொட்டால்தான் அது மருந்தாகவே மாறும், பிறகு புதிதாக எழுதப்படும் டிஎன்ஏ இழையில் போய் உட்கார்ந்து எழுத்தை நிறுத்திவிடும். அதாவது படியெடுத்துக்கொண்டிருக்கும் வைரஸை மட்டும்தான் பிடிக்கும். தூங்குகிற வைரஸ் அந்த நொதியையும் செய்வதில்லை, படியெடுப்பதும் இல்லை, அதனால் எத்தனை மாதம் சாப்பிட்டாலும் முடிச்சுக்குள் கிடப்பதை அது தொடாது. துரத்த முடியுமா என்று கேட்டீர்களே, அக்கி வைரஸைப் பொறுத்தவரை இன்றைய மருந்துகளால் முடியாது. அடக்கி வைக்க முடியும், அது நன்றாகவே முடியும்.

இனி உருமாற்றம். கொரோனாவும் ஃப்ளூவும் ஆர்என்ஏ வைரஸ்கள், அதாவது தங்கள் மரபுச் செய்தியை டிஎன்ஏவில் இல்லாமல் ஆர்என்ஏவில் எழுதி வைத்திருப்பவை. அக்கி வைரஸ் டிஎன்ஏ வைரஸ். ஒரு எழுத்தைப் படியெடுக்கும்போது பிழை விழும் வாய்ப்பு ஆர்என்ஏ வைரஸ்களுக்குப் பொதுவாக 10,000-இல் ஒன்று முதல் 10 லட்சத்தில் ஒன்று வரை. டிஎன்ஏ வைரஸ்களுக்கு 10 லட்சத்தில் ஒன்று முதல் 10 கோடியில் ஒன்று வரை. பெரிய டிஎன்ஏ வைரஸ்களின் படியெடுக்கும் நொதி, எழுதிய எழுத்தைத் திரும்பிப் பார்த்து, தப்பாக இருந்தால் அழித்துவிட்டுச் சரியாக எழுதும். (கொரோனாவிடமும் ஓரளவு பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு, ஆர்என்ஏ கூட்டத்தில் அது கொஞ்சம் நிதானமானதுதான், ஃப்ளூவிடம் அதுவும் இல்லை.)

ஆனால் இந்தக் கணக்கைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறு. ஃப்ளூ வைரஸுக்கு ஒருவர் உடம்பில் கிடைப்பது சில நாள், அதற்குள் அடுத்த ஆளைப் பிடித்தாக வேண்டும், அந்த அடுத்த ஆளுக்கும் போன வருஷத்து எதிர்ப்புச் சக்தி இருந்தால் சட்டையை மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சின்னம்மை வைரஸுக்கு அந்த அவசரம் இல்லை. அது ஒரே ஆளுக்குள் 40, 50 வருஷம் உட்கார்ந்திருந்து, அதை இதுவரை சந்தித்தே இராத ஒரு புதிய தலைமுறை பிறந்து வரும்வரை காத்திருக்கிறது. பாட்டிக்கு அக்கி, அதிலிருந்து பேரக்குழந்தைக்குச் சின்னம்மை. வெளியாட்கள் வராத சின்னச் சின்ன ஊர்களில்கூட இந்த வைரஸ் அற்றுப்போகாமல் இருந்தது இப்படித்தான். தங்கத் தெரிந்ததற்கு மாற வேண்டிய தேவை குறைவு. தூங்குகிற வருஷங்களில் படியெடுப்பே நடக்காததால் பிழை விழவும் வழியில்லை.

அதற்காக டிஎன்ஏ வைரஸ்கள் மாறுவதே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அவை மாறுகிற விதம்தான் வேறு. ஒரே செல்லில் இரண்டு உறவுக்கார வைரஸ்கள் சேர்ந்துவிட்டால் துண்டு துண்டாக மாற்றிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் கோழிகளுக்கு வரும் ஒரு ஹெர்பீஸ் நோய்க்குப் (அக்கி வைரஸும் ஹெர்பீஸ் குடும்பம்தான்) போட்ட இரண்டு உயிருள்ள தடுப்பூசி வைரஸ்கள் பண்ணைகளில் இப்படிக் கலந்து, நோய் உண்டாக்கும் புதிய வைரஸாகி, அதுவே பரவியதை 2012-இல் கண்டுபிடித்தார்கள். இன்னும் சில நம்மிடமிருந்தே மரபணுவைத் தூக்கிக்கொள்ளும்: பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சுமக்கிற எப்ஸ்டீன்-பார் வைரஸிடம், நம் உடம்பு அழற்சியைத் தணிக்கச் சுரக்கும் ஒரு புரதத்தின் நகல் இருக்கிறது, எப்போதோ நம் முன்னோர்களிடமிருந்து எடுத்தது, அதை வைத்து நம் காவலையே சமாதானப்படுத்துகிறது. பெரியம்மைக் குடும்பத்து வைரஸ் செய்வது இன்னும் விசித்திரம். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வைரஸை அதற்கு ஒத்துவராத மனிதச் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். செல்லின் தடையை எதிர்க்கிற ஒரு மரபணு அதனிடம் இருந்தது, ஆனால் பலம் போதவில்லை. அது என்ன செய்தது என்றால், எழுத்தை மாற்றாமல் அந்த மரபணுவையே பல பிரதிகளாகப் பெருக்கிக்கொண்டது. பிரதிகள் கூடக்கூட அவற்றில் ஏதாவது ஒன்றில் பயனுள்ள எழுத்துமாற்றம் விழும் வாய்ப்பும் கூடுகிறது, அப்படி ஒன்று விழுந்ததும் மற்றப் பிரதிகள் தேவையில்லை, நீண்ட டிஎன்ஏ மறுபடி சுருங்கிவிடலாம். ஆர்மோனியத்தின் துருத்தி விரிந்து சுருங்குவதைப் போல.

எல்லா டிஎன்ஏ வைரஸும் நிதானமானது என்பதும் உண்மையல்ல. நாய்களைக் கொல்கிற பார்வோவைரஸ் ஒற்றை இழை டிஎன்ஏ கொண்டது, வெறும் 5,000 எழுத்துதான், பூனைகளின் வைரஸ் ஒன்றுக்கு நெருங்கிய உறவான ஒரு மூதாதையிலிருந்து வந்து, 1978-இல் அடையாளம் காணப்பட்டு, ஓரிரு வருஷத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. மாறும் வேகத்தில் அது ஆர்என்ஏ வைரஸ்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

உங்கள் தம்பியின் வைரஸும் அப்படி ஒரு விதிவிலக்கு. ஹெபடைடிஸ் பி-யின் டிஎன்ஏ சுமார் 3,200 எழுத்து மட்டுமே, அக்கி வைரஸின் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் அதுவும் மூடிய வளையமாகத்தான் உட்கார்ந்துகொள்கிறது, ஆனால் தூங்குவதில்லை. அந்த வளையத்திலிருந்து ஆர்என்ஏ எடுத்து, அந்த ஆர்என்ஏவிலிருந்து மறுபடி டிஎன்ஏ எழுதுகிறது, எழுதுகிற நொதிக்குத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் கிடையாது. மருந்தில்லாமல் விட்டால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கோடி வைரஸ்கள் உருவாகலாம் என்பதால் பிழைகள் குவிகின்றன. சட்டென்று அடையாளம் தெரியாத அளவுக்கு அது மாறிப் போகாமல் இருப்பதற்கு ஒரு காரணம், அதன் மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஒரே எழுத்து வரிசை இரண்டு விதமாகப் படிக்கப்படும்போது, ஒரு இடத்தில் கை வைத்தால் இரண்டு புரதம் கெடும். அப்படிக் கெட்டவை அழிந்துபோக, பிழைத்தவை ஒரு கும்பலாக ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். லாமிவுடின் என்ற பழைய மருந்தை மட்டும் கொடுத்த காலத்தில், ஐந்து வருஷத்துக்குள் பாதிப் பேருக்கும் மேல் மருந்துக்கு அடங்காத வைரஸ் தலைதூக்கியது. இப்போது பெரும்பாலும் கொடுக்கிற டெனோஃபோவிர், என்டெகாவிர் மருந்துகளை அது அவ்வளவு எளிதில் தாண்டுவதில்லை, ஒழுங்காகச் சாப்பிட்டால்.

இப்போது அந்த ‘இ-ஆன்டிஜன் நெகட்டிவ்’. இ-ஆன்டிஜன் என்பது வைரஸ் செய்து ரத்தத்தில் விடுகிற ஒரு புரதம், அது ரத்தத்தில் தெரியவில்லை என்பதுதான் ‘நெகட்டிவ்’. இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று நல்லது: உடம்பு வைரஸை அடக்கி, இ-ஆன்டிஜனுக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கலாம். இன்னொன்று, வைரஸின் டிஎன்ஏவில் 1896-ஆம் இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறி, அந்தப் புரதத்தை எழுதுகிற வேலை பாதியில் நின்றுபோயிருக்கலாம். இ-ஆன்டிஜன் இல்லாமலே வைரஸால் பெருக முடியும். அது நம் எதிர்ப்புச் சக்தியைத் திசைதிருப்பத்தான் உதவுகிறது. எதிர்ப்புச் சக்தி அதையே குறிவைத்துத் தாக்கத் தொடங்கியதும், அதைச் செய்யாத வைரஸ்களுக்கு வசதியாகிவிடுகிறது, அவை மேலே வந்துவிடுகின்றன. காகிதத்தில் ‘நெகட்டிவ்’, கல்லீரலில் வேலை நடந்துகொண்டிருக்கும். எது என்று தெரிய ரத்தத்தில் வைரஸ் டிஎன்ஏவின் அளவு, இ-ஆன்டிபாடி, எஸ்-ஆன்டிஜன் (வைரஸின் மேலுறைப் புரதம்), கல்லீரல் நொதிகள் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல அர்த்தமாகவே இருந்தாலும் உடனே நிறுத்துவதில்லை, குறைந்தது இன்னும் ஒரு வருஷமாவது தொடர்ந்து கொடுத்துவிட்டுத்தான் யோசிப்பார்கள், சிலருக்கு நிறுத்துவதே இல்லை. மாத்திரை தடுப்பது வைரஸின் டிஎன்ஏவை எழுதுகிற நொதியைத்தான், உட்கருவுக்குள் இருக்கும் வளையம் அப்படியே இருக்கிறது. கையை எடுத்தால் வைரஸ் ஒரேயடியாகப் பொங்கி எழுந்து கல்லீரலே செயலிழக்கும் அளவுக்குப் போனவர்கள் உண்டு. தம்பி கல்லீரல் மருத்துவரைப் பார்க்கட்டும், அந்த ரிப்போர்ட்டோடு.

இதில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிறக்கும்போது தாயிடமிருந்து ஹெபடைடிஸ் பி தொற்றினால் சுமார் 90 சதவீதம் குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும், பெரியவரான பிறகு தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவு. தம்பிக்கு நிலைத்திருக்கிறது என்றால் சிறுவயதிலேயே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். கூடப்பிறந்த நீங்களும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். தொற்று இல்லையென்று தெரிந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், அது நன்றாக வேலை செய்கிற தடுப்பூசி. மகளுக்குக் கர்ப்பகாலப் பரிசோதனையில் இதைப் பார்த்திருப்பார்கள், பார்த்தார்களா என்று மட்டும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

உங்கள் வலிக்கு வருகிறேன். கொப்புளம் காய்ந்த பிறகும் சில வாரம் எரிச்சல் இருப்பது சகஜம். நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் இருக்கின்றன, சாதாரண வலிமாத்திரையோடு பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் கேட்டு வாங்குங்கள், மூன்று மாதம் தாண்டியும் வலி நீடித்தால் கண்டிப்பாக மறுபடி காட்டுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அக்கி வந்தால், கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும், அதே நரம்புதான் கண்ணுக்கும் போகிறது. அப்புறம், புண் முழுதாக ஆறிய பிறகு அக்கித் தடுப்பூசி பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள், இரண்டு ஊசி, 2 முதல் 6 மாத இடைவெளியில். அதில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதன் மேலுறைப் புரதம் ஒன்று மட்டும் இருக்கிறது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த பரிசோதனைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றியது. ஃப்ளூ ஊசியைப் போல வருஷாவருஷம் அதைப் புதுப்பிக்க வேண்டியதில்லை, அந்தப் புரதம் அவ்வளவாக மாறுவதில்லையே.

மகள் விஷயம். உங்களிடமிருந்து யாருக்கும் அக்கி தொற்றாது, ஆனால் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை இதுவரை வராதவருக்குச் சின்னம்மை வரலாம், கர்ப்பத்தில் அது நல்லதல்ல. அவருக்குச் சிறுவயதில் சின்னம்மை வந்திருந்தாலோ, தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டிருந்தாலோ கவலையில்லாமல் வரலாம். சரியாகத் தெரியாது என்றால் புறப்படுவதற்கு முன் ஆன்டிபாடி இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை போதும். இல்லையென்று வந்தால், கர்ப்ப காலத்தில் சின்னம்மைத் தடுப்பூசி போடக் கூடாது, அதனால் உங்கள் கடைசிக் கொப்புளமும் நீர் வற்றிப் பொருக்குத் தட்டும்வரை வருகையைத் தள்ளிப்போடுங்கள், அநேகமாக இன்னும் சில நாள்தான். அதுவரை புண்ணைத் துணியால் மூடி வையுங்கள், தொட்டால் கை கழுவுங்கள், துண்டைத் தனியாக வையுங்கள். போன வாரமே அவர் வந்து உங்களோடு இருந்துவிட்டுப் போயிருந்தால் மட்டும் இன்றைக்கே அவருடைய மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள், தொடர்பு ஏற்பட்ட 10 நாளுக்குள் போடக்கூடிய ஆன்டிபாடி ஊசி இருக்கிறது.